விலையைக் கேட்கும் காது

தேங்காய் வாங்கும்போது என்ன செய்கிறோம்? காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்கிறோம். விரலால் சுண்டிப் பார்க்கிறோம். 'இது வேணாம்ப்பா, அந்தக் காயை எடு' என்று கடைக்காரரின் பொறுமையைச் சோதிக்கிறோம். ஒரு தேங்காய்க்கு இத்தனை செவிப் பரிசோதனை! வெண்டைக்காய் என்றால் நுனியை ஒடித்துப் பார்ப்பது நம் பிறப்புரிமை.

அதே நாம், பல லட்சம் ரூபாய் கொடுத்து ஒரு ஜோடி ஸ்பீக்கர் வாங்கப் போகும்போது மட்டும் பரம சாதுவாகிவிடுகிறோம். கடைக்காரர் காட்டிய சோபாவில் உட்கார்ந்து, அவர் கொடுத்த காபியைக் குடித்து, அவர் போட்ட பாட்டை, அவர் வைத்த வால்யூமில் இருபது நிமிஷம் கேட்டுவிட்டு, 'பிரமாதம் சார்!' என்று செக்கில் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம்.

தீபாவளி ஆஃபரில் டி.வி-யோடு சேர்த்துத் தள்ளிவிடுகிற ஹோம் தியேட்டர் பெட்டிகளைச் சொல்லவில்லை. 'ஹை-எண்ட்' என்று பயபக்தியோடு உச்சரிக்கப்படும் ஆடியோ உலகத்தைச் சொல்கிறேன். அதிலும், பெட்டியே இல்லாமல் கதவு மாதிரி நெட்டுக்குத்தாக நிற்கும் பேனல் ஸ்பீக்கர்களை.

முதலிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். இந்த ஸ்பீக்கர்கள் ஏமாற்று வேலை அல்ல. என் வீட்டு ஹாலிலேயே ஒரு ஜோடி செகண்ட் ஹேண்ட் மேக்னபேன் நிற்கிறது. முதல்முறை வருகிறவர்கள் 'இது என்ன சார், துணி மாத்தற மறைப்பா?' என்று கேட்பார்கள். எனக்கு அவற்றின் மேல் காதலே உண்டு. என் சண்டை, அவற்றை மதிப்பிடும் லட்சணத்தோடு. உங்கள் வீட்டில், உங்கள் அறையில், பெயரும் விலையும் கண்ணுக்குத் தெரியாமல் கேட்டுப் பார்க்க விடாத ஒரு பேனல் ஸ்பீக்கரை வாங்கவே வாங்காதீர்கள் என்கிறேன். அவ்வளவுதான். இந்தச் சின்ன விஷயத்தைச் சொன்னால் ஆடியோ ரசிகர்கள் என்னை அடிக்க வருகிறார்கள். ஏன் என்று பார்ப்போம்.

* * *

சாதாரண ஸ்பீக்கர் என்றால் ஒரு கூம்பு, ஒரு காந்தம், ஒரு மரப்பெட்டி. ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ரைஸும் கெல்லாகும் 1925-ல் வகுத்துக் கொடுத்த வழி. அடிப்படை இன்றுவரை மாறவில்லை. பெட்டி எதற்கு? கூம்பு முன்பக்கம் காற்றைத் தள்ளும் அதே கணத்தில் பின்பக்கம் இழுக்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று சந்தித்தால் ஒன்றை ஒன்று அழித்துவிடும். முக்கியமாக பாஸ் காலி. அதனால் பின்பக்கத்துச் சத்தத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைக்கிறார்கள். ஆனால் பூட்டி வைத்த சத்தம் சும்மா இருக்குமா? பெட்டியின் பலகைகளும் அதிர்ந்து, தம் பங்குக்குக் கொஞ்சம் பாடும். பாடகர் பாடுவது போதாதென்று பலகையும் பாடினால் எப்படி இருக்கும்?

இங்கிலாந்தில் ஹன்டிங்டன் என்ற ஊரில் இருந்த பீட்டர் வாக்கர் என்ற மனிதருக்கு இது பிடிக்கவில்லை. 1936-ல் அவர் ஆரம்பித்த கம்பெனிதான் பின்னாளில் 'குவாட்' என்ற பெயரில் பிரபலமானது. 1957-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த எலக்ட்ரோஸ்டாட்டிக் ஸ்பீக்கரில் பெட்டியும் இல்லை, கூம்பும் இல்லை. தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று. அதன் மேல் ஆயிரக்கணக்கான வோல்ட் மின்னேற்றம். இரண்டு பக்கமும் துளை போட்ட தட்டுகள். பாட்டின் சிக்னல் தட்டுகளுக்குப் போகும்போது, படலம் முழுக்க ஒரே சீராக முன்னும் பின்னும் அசையும். கூம்பைப் போல நடுவில் தள்ளி ஓரத்தில் நெளிகிற வேலையில்லை. காற்றைவிடப் பெரிய கனமில்லாத படலம் என்பதால், சுருதியின் நுணுக்கமெல்லாம் துல்லியமாக வரும். அந்த ஸ்பீக்கரை 1985 வரை தயாரித்தார்கள். அடுத்த மாடலின் பெயர் 'ஈ.எஸ்.எல்.-63'. 1963-ல் வேலையை ஆரம்பித்ததால் அந்தப் பெயர். கடைக்கு வந்தது 1981-ல்! பதினெட்டு வருஷம் ஒரு பொருளைச் செதுக்கியிருக்கிறார் மனிதர். இன்றைக்கு ஒரு மொபைல் மாடலுக்குப் பதினெட்டு மாசம் ஆயுசு.

அமெரிக்காவில் ஜிம் வைனி என்ற 3எம் கம்பெனி இஞ்சினியர் வேறு வழியில் போனார். உயர் மின்னழுத்தம் வேண்டாம். படலத்தின் மேல் மெல்லிய கம்பிகளை ஒட்டி, எதிரே காந்தப் பட்டைகளை வைத்தால் போதும் என்றார். 1969-ல் மின்னசோட்டாவில் மேக்னபேன் பிறந்தது. மார்ட்டின்லோகன் 1980-களில் வந்தது. எலக்ட்ரோஸ்டாட்டிக் படலத்தையே வில் போல வளைத்து, பாஸுக்குக் கீழே ஒரு சாதாரண பெட்டியையும் சேர்த்துக் கொண்ட கலப்புத் திருமணம் அவர்களின் விசேஷம்.

சரியாக வைக்கப்பட்ட ஒரு பேனலில் தம்புராவைக் கேட்டிருக்கிறீர்களா? மீட்டிய பிறகு அந்த நாதம் எழுந்து விரிந்து தேய்ந்து மறைகிற ஒவ்வொரு இழையும் காதில் விழும். ஸ்பீக்கர் என்ற சாமான் இருப்பதே மறந்துபோகும். பாடகர் எதிரே ஆள் உயரத்துக்கு உட்கார்ந்து மூச்சு விடுவார். இதற்காக மனிதர்கள் பைத்தியமாவதில் எனக்கு ஆச்சரியமே இல்லை.

'சரியாக வைக்கப்பட்ட' என்றேன் பாருங்கள், வில்லங்கம் முழுக்க அந்த இரண்டு வார்த்தையில் இருக்கிறது.

* * *

பெட்டி இல்லாத ஸ்பீக்கர் முன்பக்கம் எவ்வளவு பாடுகிறதோ, அதே அளவுக்குப் பின்பக்கமும் பாடும். பின்பக்கத்துப் பாட்டு எங்கே போகும்? சுவரில் மோதித் திரும்பி வரும். சுவர் ஒரு மீட்டர் தள்ளி இருந்தால், போக வர இரண்டு மீட்டர். கிட்டத்தட்ட ஆறு மில்லி செகண்ட் தாமதமாக அது வந்து முன்பக்கத்துப் பாட்டோடு கலக்கும். அந்தத் தாமதம் இருந்தால் காது அதை அறையின் விசாலமாக எடுத்துக்கொள்கிறது. ஆழம், இடவெளி என்றெல்லாம் ரசிக்கிறது. சுவரோடு ஒட்டி வைத்தால்? அதே பாட்டு குழம்பிக் கூழாகிவிடும். பாஸ் சில இடத்தில் ரத்தாகும், சில இடத்தில் இரட்டிப்பாகும். ஆகவே பின்சுவரிலிருந்து குறைந்தது மூன்றடியாவது தள்ளி நிறுத்த வேண்டும் என்பது பேனல்காரர்களின் பாலபாடம். நான்கு, ஐந்தடி என்றால் இன்னும் நல்லது.

இப்போது உங்கள் ஹாலை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். சோபா, ஷோகேஸ், டீப்பாய், டி.வி. ஸ்டாண்ட். மூன்றடி முன்னால் இழுத்து, ஆள் உயரத்துக்கு இரண்டு கதவுகளை நிறுத்தினால் வீட்டில் யார் எப்படி நடமாடுவது?

அதாவது, பேனல் ஸ்பீக்கரில் பாதிதான் கடையில் விற்கப்படுகிறது. மீதிப் பாதி உங்கள் வீட்டுச் சுவரும் தரையும் கூரையும். கடையில் நீங்கள் கேட்டது கடைக்காரர் வீட்டுச் சுவரை! ஜன்னல் இல்லாத நீளமான அறை, தரை நிறையக் கம்பளம், மூலைகளில் பஞ்சுத் தூண்கள், மிகச் சரியாக அளந்து போட்ட ஒரே ஒரு நாற்காலி. பேனலில் நல்ல சத்தம் கேட்கிற இடம் ரொம்பக் குறுகல் என்பதால்தான் அந்த ஒற்றை நாற்காலி. பக்கத்தில் இருக்கும் உங்கள் மனைவிக்கு என்ன கேட்டது என்று யாரும் கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு ரிட்டயர்ட் வங்கி அதிகாரி. முப்பத்தைந்து வருஷ சர்வீஸில் சபா சபாவாக ஏறி இறங்கியவர். கிராஜுவிட்டி வந்த கையோடு, வாழ்நாள் ஆசை என்று ஒரு ஜோடி எலக்ட்ரோஸ்டாட்டிக் வாங்கினார். விலையைச் சொல்ல மாட்டேன். அவர் மனைவிக்கே முழுதாகச் சொல்லவில்லை. கடையில் கேட்டபோது கண்ணில் நீர் வந்ததாம். வீட்டுக்கு வந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அறை. பின்சுவருக்கும் பேனலுக்கும் நடுவில் முக்கால் அடி. ஆண் குரலெல்லாம் ஜலதோஷம் பிடித்த மாதிரி வந்தது. மிருதங்கத்தின் தொப்பி காணவே காணோம். கடைக்குப் போன் போட்டார்.

"சார், ஸ்பீக்கர் ஃபர்ஸ்ட் கிளாஸ் சார். உங்க கேபிள்தான் அதுக்கு ஈடு கொடுக்கல."

கேபிள் மாற்றினார். அடுத்து ஆம்ப்ளிஃபையர் போதவில்லை என்றார்கள். மாற்றினார். அடுத்து கரண்ட் சுத்தமில்லை என்று, கரண்ட்டைச் சுத்தம் செய்ய ஒரு பெட்டி. மூன்று தவணையாக மனிதரின் வைப்பு நிதி கரைந்தது. அறையை மட்டும் யாராலும் விற்க முடியாதே! அதனால் அறைதான் கோளாறு என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. லாபம் அதிகம் நிற்பது ஸ்பீக்கரில் அல்ல, கேபிளில் என்பது இந்த வியாபாரத்தில் ஊரறிந்த ரகசியம்.

நான் போய்ப் பார்த்த அன்றைக்கு அவர் சொன்னதுதான் என்னை உலுக்கியது. "எனக்குத்தான் சார் ஞானம் போதலை. எல்லா பத்திரிகையிலயும் அஞ்சு ஸ்டார் குடுத்திருக்கான். என் காதுதான் சரியில்லை." நாற்பது வருஷம் கச்சேரி கேட்ட காது சார் அது! ஒரு அபஸ்வரம் தட்டினால் முகம் சுளிக்கிற காது. பணம் போனது போகட்டும். தன் காதின் மேலேயே நம்பிக்கை இழக்கும்படி ஒரு மனிதரைச் செய்துவிட்டார்களே, அதற்கு யார் நஷ்ட ஈடு தருவது?

* * *

அந்த ஐந்து ஸ்டார் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் 'ஸ்டீரியோஃபைல்' என்ற பத்திரிகையை 1962-ல் ஜே. கார்டன் ஹோல்ட் என்பவர் ஆரம்பித்தார். அதுவரை மீட்டரில் அளந்து எண்களைப் போட்டுக்கொண்டிருந்த துறையில், 'கேட்டுப் பார்த்து எழுது' என்ற புதுப் பழக்கத்தை அவர் கொண்டுவந்தார். அந்தக் காலத்துக்கு அது நியாயமான கலகம்தான். 1973-ல் ஹாரி பியர்சனின் 'தி அப்சல்யூட் சவுண்ட்' வந்தது. அதிலிருந்து ஒரு தனி பாஷையே பிறந்துவிட்டது. சத்தத்தில் 'காற்று' இருக்கிறது, 'கருமையான மௌனம்' இருக்கிறது, 'திரை விலகியது'... ஒவ்வொரு மாசமும் ஒரு திரை விலகுகிறது. ஐம்பது வருஷமாக விலகிக்கொண்டே இருக்கும் திரை எத்தனை அடுக்கு என்று யாரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

திரை விலகுவதைப் பற்றி இத்தனை எழுதுகிறவர்களுக்கு, திரை போட்டுக் கேளுங்கள் என்றால் மட்டும் கோபம் வந்துவிடுகிறது.

திரை போட்டுக் கேட்ட கதைகளைச் சொல்கிறேன். 1978. குவாட் பீட்டர் வாக்கருக்குத் தன் ஆம்ப்ளிஃபையர்கள் மேல் ஒரு கேள்வி. பழைய வால்வ் ஆம்ப்ளிஃபையர், அதற்குப் பின் வந்த டிரான்சிஸ்டர் மாடல், அதற்கும் பின் வந்தது. மூன்றுக்கும் நடுவில் வித்தியாசம் கேட்கிறதா? ஜேம்ஸ் மாயர் என்ற ஒலியியல் நிபுணரை வைத்து, விஷயம் தெரிந்தவர்களை உட்காரவைத்து, எது எது என்று சொல்லாமல் கேட்க வைத்தார்கள். வித்தியாசத்தை யாராலும் நம்பும்படியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. முடிவு 'வயர்லெஸ் வேர்ல்ட்' பத்திரிகையில் அச்சானது. கவனியுங்கள், ஆம்ப்ளிஃபையர் விற்கிற முதலாளியே செய்த சோதனை இது! 'பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்கு' என்று விளம்பரம் செய்ய வேண்டியவர், 'மூணும் ஒண்ணுதான்' என்பதை ஊரறிய ஒப்புக்கொண்டார். இப்படி ஒரு வியாபாரியை இன்றைக்குக் காட்டுங்கள், மாலை போடுகிறேன்.

அடுத்தது கனடா. அங்கே தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலில் ஃபிளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி 1980-களின் நடுவில் மூன்று ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்தார். இரண்டு பெட்டி ஸ்பீக்கர்கள், கூடவே நம் குவாட் 63. வழக்கம்போல் ஜோடியாக, ஸ்டீரியோவில் கேட்டபோது மூன்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே மார்க். ஒற்றை ஸ்பீக்கராகக் கேட்டபோது? குவாட் சறுக்கிவிட்டது. ஸ்டீரியோ ரெக்கார்டிங்கில் இருக்கும் விசாலம், ஸ்பீக்கரின் குறைகளைப் போர்த்தி மூடிவிடுகிறது. ஒற்றையாக நிறுத்தினால் குட்டு வெளிப்படுகிறது என்பது டூல் கண்டுபிடித்த பாடம்.

பேனல் பக்தர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். 'பெட்டி ஸ்பீக்கருக்குச் சரியான இடத்தில் பேனலை வைத்தால் அது எப்படி நன்றாகப் பாடும்? பேனலுக்குத் தனி இடம் வேண்டாமா?' நியாயமான பேச்சு. நான் முழுக்க ஒப்புக்கொள்கிறேன். ஒப்புக்கொண்டு திருப்பிக் கேட்கிறேன்: ஆராய்ச்சிக்கூடத்தில் இடம் சரியில்லை என்று கோபிக்கிற நீங்கள், என் வீட்டுப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மட்டும் கேட்டுப் பார்க்காமல் வாங்கச் சொல்வது எந்த ஊர் நியாயம்? இடம்தான் முக்கியம் என்றால், என் இடத்துக்குக் கொண்டு வாருங்கள்.

1994-ல் டூலும் ஷான் ஆலிவும் ஹார்மன் கம்பெனியில் செய்த சோதனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. நாற்பது பேர், நான்கு ஸ்பீக்கர்கள். ஒரு தடவை கண்ணால் பார்த்துக்கொண்டே கேட்டு மார்க் போட்டார்கள். ஒரு தடவை திரை போட்டு. பார்த்துக் கேட்டபோது பெரிய, விலை உயர்ந்த ஸ்பீக்கர்களுக்கு மார்க் ஏறியது. சின்ன, மலிவான, பிளாஸ்டிக் உடம்பு ஸ்பீக்கருக்கு இறங்கியது. திரை போட்டதும் அந்த மலிவு சாமான் தலைநிமிர்ந்துவிட்டது. இதைவிட முக்கியம் இன்னொன்று. ஸ்பீக்கரை அறையில் இடம் மாற்றி வைத்தபோது, திரைக்குப் பின்னால் கேட்டவர்கள் வித்தியாசத்தைப் பிடித்தார்கள். பார்த்துக்கொண்டு கேட்டவர்களோ பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை! பிராண்டைக் கண் பார்த்துவிட்டால், அறையைக் காது கேட்பதை நிறுத்திவிடுகிறது. வங்கி அதிகாரி கடையில் கண்ணீர் விட்டதற்கும் வீட்டில் குழம்பியதற்கும் காரணம் இதற்குள் இருக்கிறது. அவர்களெல்லாம் ஏமாளிகள் அல்ல. ஆடியோ கம்பெனியிலேயே வேலை பார்த்தவர்கள்.

கேட்டுப் பார்த்து எழுதும் பழக்கத்தை ஆரம்பித்துவைத்த ஹோல்ட் என்ன ஆனார்? 2009-ல் காலமானார். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், தான் ஆரம்பித்த அதே பத்திரிகையில், 1980-களில் திரை போட்டுச் சோதிக்கும் நேர்மைக்கு உடன்பட மறுத்ததோடு ஹை-எண்ட் ஆடியோ தன் மரியாதையை இழந்துவிட்டது என்று வெளுத்து வாங்கினார். கோயில் கட்டியவரே வந்து கோபுரத்தில் ஏறிக் கத்தியிருக்கிறார். கும்பிட வந்தவர்கள் காதில் விழவில்லை.

இதில் எனக்கு ஆறாத விஷயம் வேறு. விமர்சகர் எங்கே கேட்கிறார்? தன் வீட்டில்! மாசக்கணக்கில் ஸ்பீக்கரை வைத்துக்கொண்டு, இன்றைக்கு ஒரு அங்குலம் முன்னே, நாளைக்கு இரண்டு அங்குலம் பின்னே என்று நகர்த்தி, நான்கு ஆம்ப்ளிஃபையரில் மாட்டிப் பார்த்து, கடைசியில் பிடித்திருந்தால் துறைக்காரர்களுக்கான சலுகை விலையில் அவரே வாங்கிக்கொள்வதும் நடைமுறை. முழு விலை கொடுக்கிற உங்களுக்கு இருபது நிமிஷமும் ஒரு காபியும்.

* * *

"காது பழக வேண்டாமா சார்? ஸ்பீக்கரும் பழகணும். இருநூறு மணி நேரம் ஓடினாத்தான் அது திறந்துக்கும்" என்பார்கள். இதற்கு 'பர்ன்-இன்' என்று பெயர். புதுப் படலம் கொஞ்சம் தளர்வது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தினம் இரண்டு மணி நேரம் கேட்கிற குடும்பஸ்தனுக்கு இருநூறு மணி என்பது நூறு நாள். எந்தக் கடையில் நூறு நாளுக்குள் திருப்பித் தரலாம்? ஒருவரும் சொல்லாத கணக்கு இது. நூறு நாளில் திறந்துகொள்வது ஸ்பீக்கரா, அல்லது 'இனி வேறு வழியில்லை' என்று சமாதானமான உங்கள் மனசா?

நான் பி.காம். படித்தவன். இஞ்சினியர்கள் மன்னிக்க வேண்டும், எனக்குத் தெரிந்ததெல்லாம் டெபிட், கிரெடிட். பேலன்ஸ் ஷீட்டில் 'விண்டோ டிரெஸ்ஸிங்' என்று ஒரு கலை உண்டு. பொய் சொல்லாமலே அழகாகக் காட்டுவது. ஸ்பீக்கர் பிரசுரங்களிலும் அது உண்டு. '2.83 வோல்ட்டுக்கு 86 டெசிபெல்' என்று போட்டிருப்பார்கள். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்றால் சரியாக ஒரு வாட். நான்கு ஓம் பேனலுக்கு அதே வோல்ட்டில் இரண்டு வாட் போகிறது! ஆக, ஒரு வாட்டுக்கு உண்மையில் 83 டெசிபெல்தான். மூன்று டெசிபெல் குறைந்தால் ஆம்ப்ளிஃபையர் சக்தி இரட்டிப்பாக வேண்டும். ஸ்பீக்கர் விலையைப் பார்த்தீர்களே, அது தின்னும் ஆம்ப்ளிஃபையர் விலையைச் சேர்த்துப் பார்த்தீர்களா? 1980-களில் அப்போஜி என்ற அமெரிக்கக் கம்பெனியின் 'சின்டிலா' என்ற ரிப்பன் பேனல் ஒரு ஓம் இணைப்பில் ஓடியது. பல நல்ல ஆம்ப்ளிஃபையர்கள் அதன் முன்னால் மூச்சுத் திணறின. கம்பெனி 1990-களின் கடைசியில் மூடப்பட்டது. ஸ்பீக்கர் வைத்திருந்தவர்கள் ஆளாளுக்கு ரிப்பேர்காரரைத் தேடினார்கள்.

தேய்மானம் என்று இன்னொரு பாடம். பேனல் என்பது நகை அல்ல. மேக்னபேனில் வருஷங்கள் போனால் கம்பியை ஒட்டிய பசை விட்டுப்போகும். எலக்ட்ரோஸ்டாட்டிக்குகளுக்குத் தூசியும் ஈரக்காற்றும் பரம வைரிகள். கடற்கரை ஊரில் இருப்பவர்கள் இதை அடிக்கோடிட்டுக்கொள்ளவும். அதிகமாக வால்யூம் வைத்தால் பழைய குவாட்டில் உள்ளே பொறி பறந்து படலம் ஓட்டையாகும். அதற்குத் தனியாகச் சுவர் பிளக் வேறு வேண்டும் என்பது வாங்கி வந்து பிரித்த பிறகே பலருக்குத் தெரிகிறது. இதெல்லாம் பரவாயில்லை, காதலுக்கு ஆகும் செலவு. ஆனால் செலவு என்று முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

"எனக்குப் பெயரும் அழகும் சேர்ந்தால்தான் சந்தோஷம். திரை போட்டுக் கேட்க நான் என்ன கண் ஆஸ்பத்திரிக்கா வந்திருக்கேன்?" என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். அவர் பேச்சில் நாணயம் இருக்கிறது. கணக்குப் பாஷையில் இதற்கு 'குட்வில்' என்று பெயர். பெயருக்கும் கொடுங்கள் சார், யார் வேண்டாம் என்றது? ஒலிக்கு இவ்வளவு, பெயருக்கு இவ்வளவு என்று பிரித்துத் தெரிந்துகொண்டு கொடுங்கள். பிரிக்கிற ஒரே கருவி அந்தத் திரை.

அது ஒன்றும் பிரம்ம வித்தை இல்லை. இரண்டு ஜோடியை வீட்டுக்கு வரவழையுங்கள்; ஒன்று நீங்கள் ஆசைப்பட்ட பேனல், இன்னொன்று அதில் நாலில் ஒரு பங்கு விலையுள்ள நல்ல பெட்டி ஸ்பீக்கர். ஒவ்வொன்றையும் அதற்குப் பிடித்த இடத்தில் நிறுத்துங்கள். நடுவில் ஒரு மெல்லிய பழைய வேட்டியைக் கட்டுங்கள். ஜமுக்காளம் வேண்டாம், அது சத்தத்தைத் தின்றுவிடும். மொபைலில் சத்தம் அளக்கும் ஆப் ஒன்றைப் போட்டு, இரண்டும் உங்கள் நாற்காலியில் ஒரே அளவில் கேட்கும்படி வால்யூமைச் சரிசெய்யுங்கள். இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். கொஞ்சம் அதிகச் சத்தம் வைத்தது எப்போதுமே 'நன்றாக' இருக்கும். கடைகளில் நடக்கிற பாதி மாயம் இதுதான். மாற்றி மாற்றிப் போடும் வேலையை மகனிடமோ மகளிடமோ கொடுத்துவிட்டு, எது ஓடுகிறது என்று சொல்லக் கூடாது என்று எச்சரியுங்கள். கடைக்காரரின் ஜாஸ் டிஸ்க் வேண்டாம். உங்களுக்கு மனப்பாடமான பாட்டு. பழைய மோனோ ரெக்கார்டுகள் வைத்திருந்தால் கட்டாயம் அவையும். ஒற்றை ஸ்பீக்கரில் கொஞ்ச நேரம். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து, சமையலறை வாசலில் நின்று கொஞ்ச நேரம். ஏனென்றால் பாதிப் பாட்டை நாம் அங்கிருந்துதான் கேட்கிறோம். நாலைந்து நாள் இப்படிச் செய்து, தனித்தனியாகக் குறித்துவைத்து, கடைசியில் வேட்டியை அவிழ்த்துப் பாருங்கள். பேனல் ஜெயித்தால் தாராளமாக வாங்குங்கள், நானே வந்து ஒரு நாள் கேட்கிறேன்.

வீட்டுக்கு அனுப்பி நட்டமாகிப் போன கம்பெனி எது என்று கேட்காதீர்கள். மேக்னபேன் தன் சின்ன மாடலான எம்.எம்.ஜி-யைப் பல வருஷம் அமெரிக்காவில் தொழிற்சாலையிலிருந்து நேரே வீட்டுக்கு அனுப்பி விற்றது. அறுபது நாள் கேளுங்கள், பிடிக்காவிட்டால் திருப்பி அனுப்புங்கள் என்று. 2019-ல் அதன் வாரிசாக வந்த மாடலுக்கு ஒரு ஜோடி 650 டாலர்தான் விலை வைத்தார்கள். அது நம் ஊர்க் கரையேறும்போது சரக்குக் கட்டணம், சுங்கம், வரி, டீலர் கமிஷன் எல்லாம் சேர்ந்து என்ன ஆகும் என்பது தனிக் கட்டுரைக்கான சோகம்.

போன மாசம் ஒரு ஷோரூமில் இதே கோரிக்கையை வைத்தேன். ஒரு வாரம் வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டுத் தருகிறேன், முழு விலைக்கும் செக் கொடுத்துவிட்டே எடுத்துப் போகிறேன் என்றேன். மேனேஜர் பதறிப்போனார்.

"ஐயோ, பேனல் ரொம்ப டெலிகேட் சார். வண்டியில ஏத்தி இறக்கினா அடிபட்டுடும். வீட்டுக்கெல்லாம் அனுப்பவே முடியாது."

"வாங்கினா எப்படி சார் வரும்?" என்றேன்.

உள்ளே போய் யாரையோ கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். காபி ஆறிப்போனது, அவர் வரவில்லை.